பன்றிக் காவலுக்கு இரவுக் கருவி வேண்டுமா?

நிலக்கடலை காய் பிடிக்கும் பருவத்திலும், மக்காச்சோளம் கதிர் முற்றும் பருவத்திலும் மலையடிவாரக் கிராமங்களில் விவசாயிக்குத் தூக்கம் கிடையாது. தாளவாடி, தொண்டாமுத்தூர், பாலக்கோடு, கடையம் என்று எந்தப் பக்கம் போனாலும் காட்டுப் பன்றியைப் பற்றிய பேச்சுத்தான். ஒரு கூட்டம் ஓர் இரவு இறங்கினால் போதும், மரவள்ளிக் கொல்லை ஏர் ஓட்டியதுபோல் ஆகிவிடும். தின்பதைவிட மிதித்தும் கிளறியும் கெடுப்பதே அதிகம்.

இந்த நேரம் பார்த்து, இருட்டையும் பகலாக்கிக் காட்டும் கருவிகள் என்று கைப்பேசியில் விளம்பரங்களும் படக்காட்சிகளும் வந்துகொண்டிருக்கின்றன. ஒருவர் வாங்கினால் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் ஆசை வருகிறது. நகையை அடகு வைத்தாவது ஒன்று வாங்கிவிடலாமா என்று எண்ணும் சிறு விவசாயிகளும் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் அந்தக் கருவி எதற்காகச் செய்யப்பட்டது, அதை வைத்து இங்கே என்ன செய்ய முடியும் என்பதை யோசிப்பது நல்லது.

அந்தப் படக்காட்சிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே டெக்சாஸ் மாநிலத்தில் பன்றி வெளியிலிருந்து வந்து பெருகிய பிராணி. 2019-ம் ஆண்டு முதல் அந்த மாநிலத்தில் நில உரிமையாளரின் அனுமதி இருந்தால், தனியார் நிலத்தில் பன்றியை வேட்டையாட உரிமம்கூட வேண்டியதில்லை. இரவிலும் சுடலாம். ஆகவே துப்பாக்கியின்மேல் பொருத்தும் இரவுக் கருவி அங்கே கடைச்சரக்கு.

நம் நாட்டுச் சட்டம் வேறு. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பன்றியைக் கொல்வது மட்டும் குற்றமல்ல. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, இரை காட்டிப் பிடிப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். மூன்றாண்டு வரை சிறையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் உண்டு. பயிருக்குச் சேதம் செய்யும் விலங்கைச் சுட அனுமதி வழங்கும் அதிகாரம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு இருக்கிறது. கேரளத்தில் 2022-ம் ஆண்டு இந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்து, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு சுட ஏற்பாடு செய்தார்கள். தமிழக அரசு 2025 ஜனவரியில் வேறு முறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்பது அந்த ஏற்பாடு. எப்படிப் பார்த்தாலும் சுடுகிற வேலை விவசாயிக்கு உரியதல்ல. பிறகு சுடுகிறவனுக்கான கருவி அவருக்கு எதற்கு?

“சுடுவதற்கு இல்லை, பார்ப்பதற்குத்தான்” என்பார்கள். நியாயமான பதில். அப்படியானால் கருவிகளின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருட்டில் பார்க்கும் கருவிகள் மூன்று வகை. முதல் வகை, நிலவு, நட்சத்திர வெளிச்சத்தைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிப் பச்சை நிறத்தில் காட்டுவது. இது இராணுவத்திலிருந்து வந்த சரக்கு, விலையும் அப்படியே. இரண்டாவது, சாதாரண வீடியோ காமிராவைப் போன்றது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைத் தானே பாய்ச்சி, அது திரும்பி வருவதைப் படமாக்கும். மலிவாகக் கிடைப்பது இதுதான். ஆனால் பாய்ச்சிய ஒளி முன்னால் நிற்கும் புல்லிலும் சோளத் தாளிலும் பட்டுத் திரும்பினால் கருவியில் ஒரே வெள்ளையாகத் தெரியும். மார்கழிப் பனியிலும் அதே கதி. மூன்றாவது வகை வெப்பக் கருவி. இதற்கு வெளிச்சமே தேவையில்லை. உடம்பின் சூட்டை உணர்ந்து காட்டும். விளம்பரங்களில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை வெளேரென்று பன்றிகள் ஓடுவது இதில்தான். விலை பல்லாயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும்.

வெப்பக் கருவி நல்ல கருவி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது இலையை ஊடுருவிப் பார்க்காது. அடர்ந்த கரும்புக்குள்ளோ மக்காச்சோளத்துக்குள்ளோ நுழைந்துவிட்ட பன்றி அதற்கும் மறைவுதான். கோடையில் பகலெல்லாம் காய்ந்த பாறையும் வரப்பும் முன்னிரவு வரை சூடாகவே இருப்பதால் படம் கலங்கலாக இருக்கும். விடியற்காலையில்தான் தெளிவு கிடைக்கும். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம் என்றால் அதுவும் முடியாது. கண்ணாடி அந்தக் கதிர்களை விடாது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்றை விற்பவர்கள் சொல்வதில்லை. ‘ஏதோ இருக்கிறது’ என்று தெரிவது வேறு. அது ‘இன்னது’ என்று தெரிவது வேறு. கருவியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரம் முன்னதற்கு மட்டுமே. 1958-ம் ஆண்டு அமெரிக்க இராணுவ ஆராய்ச்சியாளர் ஜான் ஜான்சன் வகுத்த கணக்கு ஒன்று இன்றும் வழக்கில் உள்ளது. அதன்படி ஒரு பொருள் இருப்பதை உணர, திரையில் அதன் உயரம் இரண்டு புள்ளிகளாவது இருக்க வேண்டும். அது என்ன வகை என்று கூற எட்டுப் புள்ளிகள் வேண்டும். ஐயமறச் சொல்ல ஏறக்குறைய பதின்மூன்று. சிறிய வெப்பக் கருவிகளில் 12 மைக்ரான் அளவுள்ள புள்ளிகளும் 10 மில்லிமீட்டர் லென்சும் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 100 மீட்டர் தூரத்தில் அதன் ஒரு புள்ளி 12 சென்டிமீட்டரை அடைக்கும். முக்கால் மீட்டர் உயரமுள்ள பன்றியை அது சுமார் 300 மீட்டரிலேயே ஒரு வெள்ளைப் பொட்டாகக் காட்டிவிடும். பன்றியா, கன்றுக்குட்டியா என்று பிரித்துச் சொல்ல 80 மீட்டருக்குள் வரவேண்டும். சந்தேகமே இல்லாமல் சொல்ல 50 மீட்டர். இதுவும் காற்றும் வானமும் தெளிவாக இருந்தால்!

300 மீட்டருக்கும் 50 மீட்டருக்கும் இடையில் கிடக்கும் அந்த வெள்ளைப் பொட்டு, தண்ணீர் பாய்ச்ச மடை திறக்கக் குனிந்திருக்கும் பக்கத்து வயல்காரராக இருக்கலாம். மும்முனை மின்சாரம் இரவில் வரும் ஊர்களில் நள்ளிரவில் வயலில் ஆள் நடமாட்டம் சகஜம். பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்ட சம்பவங்கள் பல மாநிலங்களில் நடந்திருக்கின்றன. சுட்டவரும் சாமானியமாக அதே ஊர்க்காரர்தான்.

காலடியும் கவனிக்கப்பட வேண்டும். கருவியை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு வரப்பில் நடப்பவருக்குப் பள்ளம் மேடு தெரியாது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் நம் தோட்டங்களில் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை. பாம்பின் உடம்புக்குத் தனிச் சூடு கிடையாது. மண்ணின் சூடே அதன் சூடு. ஆகவே தூரத்து எலியைக் காட்டும் வெப்பக் கருவி, காலடியில் சுருண்டு கிடக்கும் கண்ணாடி விரியனைக் காட்டத் தவறும். பத்து ரூபாய் டார்ச் வெளிச்சம் அதைக் காட்டிவிடும்.

உண்மையில் வேட்டைக்காரனின் தேவையும் காவல்காரனின் தேவையும் நேர் எதிரானவை. வேட்டைக்காரன் பன்றிக்குத் தெரியாமல் பன்றியைப் பார்க்க வேண்டும். இரவுக் கருவி முழுவதும் அந்த ஒரு நோக்கத்துக்காகவே உருவானது. காவல் இருப்பவரோ, ஆள் இருக்கிறான் என்று பன்றிக்குத் தெரிவிக்க வேண்டியவர். பழைய காலத்தில் பரண் கட்டித் தகர டப்பா தட்டியதும், தீப்பந்தம் வைத்ததும் இதற்காகத்தான். பன்றிக்கு மூக்கும் காதும் கூர்மை, கண் சுமார். சிவப்பு நிறம் அதற்குச் சரியாகத் தெரியாது என்பதால்தான் வேட்டைக்காரர்கள் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்கிறார்கள். காவலுக்கு அதே சிவப்பு விளக்கை வாங்கி மாட்டுவது வீண். வெள்ளை வெளிச்சமும் சத்தமும்தான் வேண்டும். அதையும் தினம் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வைத்தால் நாலு நாளில் பன்றி பழகிவிடும். இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்த டார்ச்?

காவலுக்கு இரண்டு விளக்குகள் போதும். ஒன்று தலையில் கட்டுவது. அது அகன்ற வெளிச்சமாக, நடக்கும் பாதையைக் காட்டினால் சரி. இருநூறு, முந்நூறு லூமென் தாராளம். இரு கைகளும் ஓய்வாக இருப்பது இதன் பெரிய அனுகூலம். இரண்டாவது, குறுகிய கற்றையாக வெகுதூரம் பாயும் கை டார்ச். இதைத் தேவையானபோது மட்டும் போட வேண்டும். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். பெரிய விளக்கை ஒரு முறை தன் முகத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பழக்கம் போய்விடும்.

வாங்கும்போது லூமென் கணக்கை நம்பி ஏமாறக்கூடாது. பத்தாயிரம், இருபதாயிரம் என்று அட்டையில் அச்சிடுவதற்குச் செலவில்லை. பாட்டரியைப் பார்ப்பது மேல். இப்போது பரவலாக வரும் 18650 எண்ணுள்ள கட்டை, 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. அந்த அளவுக்குள் நாலாயிரம் மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் அடக்க இயலாது. அதன்மேல் 9900 என்று எழுதியிருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். பாட்டரியில் பொய் சொன்னவன் பல்பில் மட்டும் உண்மை சொல்லியிருப்பானா? மழையில் நனைந்தால் தாங்குமா, கட்டையை மாற்ற முடியுமா என்ற இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். பிரிக்க முடியாத மலிவு டார்ச் ஒரு பட்டத்துக்குக்கூட வராது.

டார்ச் வெளிச்சத்தில் ஓர் அடையாளம் உண்டு. மாடு, ஆடு, நாய், மான் ஆகியவற்றின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பும் ஒரு படலம் இருப்பதால் அவை பளிச்சென்று மின்னும். பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. கண் மின்னுகிறதே, பன்றிதான் என்று கல்லை எறிபவர் பெரும்பாலும் யாருடைய கன்றையோதான் அடிக்கிறார்.

கருவியைவிடக் கொடியது கம்பி

விலை உயர்ந்த கருவி கட்டாது என்ற முடிவுக்கு வந்த சிலர், வீட்டு மின்சாரத்தையே கம்பியில் விட்டுவிடுகிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப் பன்றிக்கு விட்ட மின்சாரத்தில் மூன்று பெண் யானைகள் செத்தன; இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. விவசாயி சிறைக்குப் போனார். காலையில் மின்சாரத்தை நிறுத்த மறந்து, வைத்தவர் தாமே சிக்கிக்கொண்டதும் பல ஊர்களில் நடந்திருக்கிறது. அவுட்டுக்காயும் அப்படித்தான். பன்றிக்கு வைத்த வெடியை யானையும் கடிக்கிறது, மேயும் மாடும் கடிக்கிறது. சூரிய மின்வேலி அதிர்ச்சி மட்டும் தருவது, உயிரை எடுக்காது. ஆனால் அதற்கும் 2023-ல் வந்த விதிகளின்படி பதிவு செய்து, தரச்சான்று பெற்ற கருவியைத்தான் பொருத்த வேண்டும்.

விவசாயி இந்த நிலைக்கு ஏன் போகிறார் என்பதை அதிகாரிகளும் எண்ணிப் பார்க்க வேண்டும். சுடக்கூடாது என்று சட்டம் சொன்னால், சுடும் பொறுப்புள்ளவர்கள் கூப்பிட்ட இரவு வரவேண்டும். வனக்காவலர் கையில் பழைய டார்ச் ஒன்றைக் கொடுத்து, 3 கிலோமீட்டருக்கு அப்பால் பன்றியைத் தேடு என்றால் எப்படி நடக்கும்? வெப்பக் கருவி இருக்க வேண்டிய இடம் சிறு விவசாயியின் பரண் அல்ல, வனச்சரக அலுவலகம். பன்றி அதிகமுள்ள ஒவ்வொரு சரகத்துக்கும் நல்ல கருவி ஒன்றும், அதைப் பயன்படுத்தப் பயிற்சியும், 50 மீட்டருக்குள் ஐயமற அடையாளம் காணாமல் விசையைத் தொடக்கூடாது என்ற கண்டிப்பும் இருந்தால், அறிவிப்பு காகிதத்தில் நிற்காது. அந்தச் செலவு இழப்பீட்டுத் தொகையைவிடப் பெரிதாக இருக்கப்போவதில்லை.

இழப்பீடு என்றதும் நினைவுக்கு வருவது, அதில் சிக்கல் எப்போதும் சாட்சியம்தான். எந்த மிருகம், எந்த இரவு, எவ்வளவு பரப்பு என்று கேட்டால் விவசாயியிடம் காட்ட ஒன்றும் இருப்பதில்லை. இரவுக் கருவிக்குப் பணம் ஒதுக்கியே தீருவேன் என்பவர்கள், மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கிப் படக்கருவியைப் பற்றி விசாரிக்கலாம். விலங்கு எதிரில் நகரும்போது அதன் சூட்டை உணர்ந்து தானாகவே படம் எடுத்து, தேதியையும் நேரத்தையும் பதிந்துவிடும். அதன் அகச்சிவப்பு விளக்கில் 850, 940 நானோமீட்டர் என இரண்டு ரகம் உண்டு. முன்னது தூரம் எட்டும், ஆனால் லேசான சிவப்புப் பொறி வெளியே தெரியும். திருடர் பயம் உள்ள இடத்தில் 940 உகந்தது. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, சொந்தப் பட்டா நிலத்தில், பன்றி நுழையும் தடத்தைப் பார்த்து முழங்கால் உயரத்தில், கிழக்கு மேற்காக வெயில் விழாதபடி வடக்கு நோக்கிக் கட்டலாம். எதிரே உள்ள புல்லைச் செதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் ஆடும் புல்லையே நூறு படம் எடுத்து வைத்திருக்கும். சேதம் நடந்த மறுநாளே அந்தப் படத்தின் பிரதியுடன், பயிரின் பரப்பையும் சர்வே எண்ணையும் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.