புத்திப் பரீட்சைக்கும் விலையா?

குழந்தைகளின் புத்திக் கூர்மையை அளந்தறியப் பரீட்சை ஒன்று உண்டென்றால், அது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாயிருத்தல் வேண்டும். பொருளுள்ளவன் பிள்ளைக்குத் திறந்த வாயிலும் இல்லாதவன் பிள்ளைக்கு மூடிய கதவும் என்று ஏற்படுமானால், அப்பரீட்சை அளப்பது பிள்ளையின் புத்தியையன்று, தந்தையின் பணப்பையையே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சிறு குழந்தைகளைப் பெற்ற பலர் இன்று படும் சங்கடம் இத்தகையதே.

அந்நாட்டுப் பொதுப் பள்ளிகள் பலவற்றில் மிகுந்த கூர்மையுள்ள சிறுவர்க்கெனத் தனி வகுப்புகள் உண்டு. இவற்றை நடத்தும்படி தேசியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ராஜ்யத்துக்கு ராஜ்யம் விதி வேறுபடுகிறது. உதாரணமாக, பிளாரிடா ராஜ்யத்தில் சராசரிப் புத்தி 100 புள்ளி என்று கொண்டால், 130 புள்ளி பெறும் குழந்தையே பொது விதிப்படி தகுதியுடையது. அதை நிர்ணயிக்க மனோதத்துவ நிபுணர் ஒருவர் குழந்தையைத் தனியே அமர்த்திச் சோதிக்க வேண்டும். பள்ளியே சோதித்தால் செலவில்லை. ஆனால் அதற்கு உபாத்தியாயரின் சிபாரிசோ பெற்றோரின் வேண்டுகோளோ தேவைப்படுகிறது. தனிப்பட்ட நிபுணரிடம் சென்றாலோ பல நூறு டாலர் கொடுத்தாக வேண்டும். கூலி வேலை செய்யும் தாய்க்கு இது எங்ஙனம் இயலும்?

இப்பரீட்சை பிறந்த வரலாற்றை நோக்கினால் இந்த நிலைமை இன்னும் விபரீதமாகத் தோன்றும். 1905-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து ஆல்பிரட் பினே என்பவரும் தியோடர் சைமன் என்பவரும் முதல் அளவுகோலை வகுத்தது, பள்ளியில் தனி உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதற்காகவே. பொது நன்மைக்கென ஏற்பட்ட கருவி இன்று கடைச்சரக்காயிற்று!

இக்குறைக்குப் பரிகாரம் உண்டென்பதை பிளாரிடாவிலுள்ள புரோவர்டு ஜில்லா பிரத்தியட்சமாகக் காட்டியிருக்கிறது. அங்குள்ள மாணவரில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பரும் ஸ்பானிய வமிசத்தினருமாவர். ஆயினும் மூன்றாம் வகுப்பில் கூர்மதியுடையோர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவரில் அவர்கள் 28 சதவிகிதமே இருந்தனர். 2005-இல் ஜில்லாக் கல்வி அதிகாரிகள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும், எவர் சிபாரிசும் இன்றி, மொழியறிவு வேண்டாத சிறு பரீட்சை ஒன்றை இலவசமாக நடத்தினர். அதில் மேம்பட்டவர்களை மட்டும் நிபுணர்கள் விரிவாகச் சோதித்தனர். விளைந்ததென்ன? தேர்ச்சி பெற்ற ஸ்பானிய வமிசக் குழந்தைகள் நூற்றுக்கு 2-லிருந்து 6 ஆகவும், கறுப்பர் குழந்தைகள் 1-லிருந்து 3 ஆகவும், வெள்ளையர் குழந்தைகள் 6-லிருந்து 8 ஆகவும் உயர்ந்தனர். டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்னும் பொருளாதார அறிஞர்கள் இதனை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டனர். அக்குழந்தைகளின் புத்தி ஓராண்டில் முளைத்ததன்று, முன்னமே இருந்தது. அதைக் காணக் கண்தான் இல்லாதிருந்தது. பின்னர்ப் பொருளாதார நெருக்கடியால் இம்முறையை நிறுத்தியபோது, பழைய ஏற்றத்தாழ்வும் திரும்பி வந்தது.

இலவசம் என்று அறிவித்துவிட்டால் போதுமென்பாருக்கு நியூயார்க் நகரத்தின் அனுபவம் விடையளிக்கும். நான்கு வயதுக் குழந்தைகளுக்கு அங்கு நடந்த பரீட்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் பெற்றோர் விண்ணப்பித்தால்தான் பரீட்சை. வசதியுள்ளோர் பணங்கொடுத்துப் பயிற்சியும் அளித்தனர். இறுதியில் 2021 ஜனவரியில் நகரக் கல்விக் குழு பரீட்சை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஆகவே, கேட்டவருக்கு மட்டும் அளிப்பதன்று, கேளாதவரையும் தேடிச் சென்று அளிப்பதே நீதி.

எல்லோரையும் சோதிக்கப் பணமேது என்று சிலர் வினவக்கூடும். வகுப்பு முழுவதும் ஒருசேர எழுதும் சிறு பரீட்சைக்கு ஆகும் செலவு சொற்பம். செலவு மிகுந்த தனிச் சோதனை சிலருக்கே வேண்டியிருக்கும். இன்னுஞ் சிலர், ஒரு நாளைய பரீட்சையை வேதவாக்காகக் கொள்ளலாமா என்பர். கூடாதென்றே நாமும் கூறுகிறோம். 1921-இல் கலிபோர்னியாவில் டெர்மன் என்பவர் தொடங்கிய பிரசித்தமான ஆராய்ச்சியில் வரம்பை எட்டாமல் விலக்கப்பட்ட ஷாக்லி, அல்வாரெஸ் என்னும் இருவர் பிற்காலத்தில் பௌதிகத்தில் நோபல் பரிசு பெறவில்லையா? சிறு வயதில் பெறும் புள்ளி பின்னர் மாறக்கூடியது. ஆதலால் ஒருமுறை தவறிய குழந்தைக்கு மறுமுறையும் வாய்ப்பளித்தல் அவசியம்.

சட்டம் திருந்தும்வரை பெற்றோர் வாளாவிருக்க வேண்டுவதில்லை. முதலில் பள்ளி அதிகாரிக்கு எழுத்து மூலமாக விண்ணப்பஞ் செய்க. வெளி நிபுணரின் முடிவைப் பள்ளி ஏற்குமா என்பதைப் பணம் கட்டுமுன் அறிந்துகொள்க. சர்வகலாசாலைகள் சிலவற்றின் மனோதத்துவ நிலையங்களில், ஆசிரியர் மேற்பார்வையில் பயிலும் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் சோதிப்பதுண்டு, அவற்றையும் விசாரிக்க.

எனினும் இவையெல்லாம் தனி மனிதர் தேடிக்கொள்ளும் தற்காலிக வழிகளேயன்றி முடிவான பரிகாரமாகா. குடிமக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி, அக்குடிமக்களின் குழந்தைகளை அறிந்துகொள்வதற்கு அவர்களிடமே விலை கேட்பது தகாது. எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கும் கடமையைப் பொதுப் பள்ளிகளே ஏற்க வேண்டுமென்பது நமது உறுதியான அபிப்பிராயம்.