மாலைப் பசிக்கு வீட்டிலேயே நட்ஸ் பார்... தருமபுரி கடலையும் கேழ்வரகும் போதும்!

மாலை நாலரை மணி. பள்ளிவிட்டு வந்த பிள்ளை, புத்தகப் பையை மூலையில் போட்ட கையோடு கேட்கும் முதல் கேள்வி, ‘‘அம்மா, தின்ன என்ன இருக்கு?’’

மதியச் சாப்பாடு எப்போதோ செரித்திருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கும். இந்த இடைவெளியைத்தான் தெருமுனைப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகள் பிடித்துக்கொள்கின்றன. உப்பும் எண்ணெயும் மாவும் கலந்த அந்தத் தீனி வயிற்றை அடைக்கும். அதற்கு மேல் பெரிதாக எதுவும் தராது.

‘இதற்குப் பதிலாக நட்ஸ் பார் வாங்கித் தரலாமே’ என்று சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால், விலை மலைக்க வைக்கிறது. அட்டையில் பாதாம், ஓட்ஸ், கிரான்பெர்ரி என்று எழுதியிருக்கிறது. பொருள் பட்டியலைத் திருப்பிப் பார்த்தால், பல பார்களில் முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள்ளேயே சர்க்கரைப் பாகு வந்துவிடுகிறது. பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ, அதுதான் அந்தப் பொருளில் எடையில் அதிகம்.

உண்மையில், இந்த பார் நமக்குப் புதிதே அல்ல. அமெரிக்காவில் 1970-களில் கிரனோலா பார் கடைக்கு வருவதற்கு முன்பே, நம் ஊர்க் கண்ணாடி ஜாடிகளில் கடலை மிட்டாயும் எள்ளு மிட்டாயும் இருந்தன. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலை மிட்டாயும் இந்த வகைதான். பருப்பு, இனிப்பு, இரண்டையும் ஒட்ட வைக்கும் பாகு என்ற கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பழத்தைச் சேர்த்து, பாகைக் குறைத்தால் அதுவே நட்ஸ் பார்.

மண்ணிலேயே இருக்கிறது மளிகை

இந்த பாருக்குத் தேவையானவற்றில் பெரும்பாலானவை தருமபுரி மாவட்டத்திலேயே விளைகின்றன. மானாவாரிக் காடுகளில் நிலக்கடலையும் எள்ளும் விளைகின்றன. பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைத்த அளவுக்குக் கரும்புக்குப் பேர்போன மாவட்டம். கேழ்வரகைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், களியும் கூழுமாக வளர்ந்த மாவட்டம் இது. ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை 2023-ல் தமிழக அரசு முதலில் தொடங்கியது நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில்தான்.

பேரீச்சம்பழம்கூட இங்கே உண்டு. தருமபுரிக்குப் பக்கத்தில் அரியகுளத்தில் பேரீச்சைத் தோப்பே இருக்கிறது. ஆனால், ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் மழைக்கு முன்பே மஞ்சள் நிறத்தில் பறித்து விற்கும் பர்ஹி ரகம், கடித்தால் நறுக்கென்று இருக்கும். அப்படியே தின்ன அருமையான பழம்தான், ஆனால் பாரில் ஒட்டாது. அதற்குக் கடையில் கிடைக்கும், நன்றாகப் பழுத்துச் சுருங்கிய மெத்தென்ற பேரீச்சைதான் வேண்டும்.

கேழ்வரகு நட்ஸ் பார்

தேவையானவை:

• வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை - 150 கிராம்
• கேழ்வரகு அவல் - 50 கிராம்
• எள் - 30 கிராம்
• கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் - 200 கிராம்
• வெல்லம் - 75 கிராம்
• நெய் - 1 டீஸ்பூன்
• ஏலக்காய்ப் பொடி, உப்பு - தலா ஒரு சிட்டிகை

செய்முறை:

1. கடலையை இரண்டு மூன்றாக உடைத்துக்கொள்ளவும். மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று போதும். அதற்கு மேல் ஓட்டினால் எண்ணெய் கசியும்.

2. கேழ்வரகு அவலை வெறும் வாணலியில், சிறு தீயில் மொறுமொறுவென வறுக்கவும். எள்ளைத் தனியாக, படபடவென்று வெடிக்கும் வரை வறுக்கவும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எள் கருகிவிடும்.

3. பேரீச்சையைப் பொடியாக நறுக்கி, இட்லிப் பானையில் 5 நிமிடம் ஆவி காட்டி, மத்தால் மசிக்கவும். மிக்ஸியில் தண்ணீர் ஊற்றி அரைக்க வேண்டாம்.

4. வெல்லத்தை 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றவும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகு விட்டு விரலால் உருட்டினால், மெத்தென்ற உருண்டை வர வேண்டும். அதுதான் பதம்.

5. தீயைக் குறைத்து, நெய், பேரீச்சை விழுது, உப்பு, ஏலக்காய் சேர்த்து ஒரு நிமிடம் கிளறவும். அடுப்பை அணைத்துவிட்டு, கடலை, அவல், எள்ளைக் கொட்டி வேகமாகப் புரட்டவும்.

6. 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் நெய் தடவிக் கொட்டி, அடி சமமான டம்ளரால் அழுத்தவும். இதில் மட்டும் அவசரப்படக் கூடாது. எவ்வளவு இறுக அழுத்துகிறோமோ, அவ்வளவு உதிராமல் வரும். சூடாக இருக்கும்போதே கத்தியால் 16 துண்டுகளாகக் கோடு போட்டு, 2 மணி நேரம் ஆறிய பின் எடுக்கவும்.

பாகுதான் வித்தை

ஒரே வெல்லம்தான்... கடலை மிட்டாய் மட்டும் ஏன் ‘டக்’கென்று உடைகிறது? பார் ஏன் மெல்ல மெத்தென்று இருக்கிறது? பாகில் மிச்சமிருக்கும் தண்ணீரில்தான் வித்தியாசம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வெளியேறும், பாகின் சூடு ஏறும். சுமார் 115 டிகிரி செல்சியஸில் அடுப்பை அணைத்தால் உருட்டும் பதம். 145 டிகிரியைத் தாண்ட விட்டால், தண்ணீரில் போட்டதும் கண்ணாடி போல உடையும் கடலை மிட்டாய்ப் பதம். இரண்டுக்கும் நடுவே சில நிமிடங்கள்தான்.

உதிர்ந்து போகிறதா? ஒட்டும் பொருள் குறைவு, அல்லது அழுத்தம் போதவில்லை. லேசாகச் சூடாக்கி, இன்னும் நாலு பேரீச்சையை மசித்துச் சேர்த்து மறுபடி அழுத்தலாம். கையில் பிசுபிசுவென ஒட்டுகிறதா? ஈரம் அதிகம். சூடான தோசைக்கல்லில், சிறு தீயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால் சரியாகும். கல் போல இறுகிவிட்டதா? பாகு பதம் தாண்டிவிட்டது. தூக்கிப் போட வேண்டாம், கடலை மிட்டாய் என்று சொல்லிக் கொடுத்துவிடலாம்!

காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரமும், ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று வாரமும் தாங்கும். கடலையில் காறல் வாடை வந்தால், அதற்குப் பிறகு தின்னக் கூடாது.

‘ரத்தம் ஊறுமா?’

பேரீச்சை, வெல்லம் என்றதும் பாட்டிகள் சொல்வது, ‘‘தினம் ரெண்டு தின்னு கண்ணு... ரத்தம் ஊறும்.’’ அன்பான வார்த்தை. ஆனால், கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதாவது, இரண்டில் ஒரு பெண்ணுக்கும் மேல். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். பூப்பெய்தும் வயதில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கு 30 மில்லிகிராம். மேலே சொன்ன அளவில் செய்த ஒரு துண்டில் கிடைப்பதோ ஏறக்குறைய 1 மில்லிகிராம். அதிலும் உடம்பு உறிஞ்சிக்கொள்வது ஒரு பங்குதான்.

அப்படியென்றால் இந்த பாரால் பயன் இல்லையா? இருக்கிறது. ஒரு துண்டில் சுமார் 130 கலோரியும் 3 கிராம் புரதமும் உண்டு. கேழ்வரகும் எள்ளும் கொஞ்சம் கால்சியம் தரும். மாலைப் பசிக்கு பாக்கெட் தீனியைவிட இது பல மடங்கு மேல். ஆனால், இது மருந்து ஆகாது. பிள்ளைக்கு அடிக்கடி மூச்சு வாங்குகிறது, இமைக்குள் வெளிறியிருக்கிறது, படிக்கட்டு ஏறினாலே சோர்ந்துபோகிறாள் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனைதான் முதல் வேலை. பள்ளியில் வாரத்துக்கு ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை, ‘குமட்டுகிறது’ என்று பல பிள்ளைகள் ஜன்னல் வழியே வீசிவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் போடாமல், சாப்பிட்ட பிறகு போட்டால் அந்தக் குமட்டல் பெரும்பாலும் குறையும். ‘அதான் பேரீச்சை தின்கிறாளே’ என்று மாத்திரையை விட்டுவிட்டால், நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

உணவில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர ஒரு எளிய வழி உண்டு. பாரோடு ஒரு நெல்லிக்காயோ, பாதி கொய்யாவோ கொடுக்கலாம். அவற்றில் இருக்கும் வைட்டமின் சி, கடலையிலும் கேழ்வரகிலும் இருக்கும் இரும்பை உறிஞ்ச உதவும். தகடூர் என்ற பழைய பெயரோடு இந்த ஊரை ஆண்ட அதியமான், ஔவைக்குக் கொடுத்ததும் நெல்லிக்கனிதானே! பாரைத் தின்றுகொண்டே டீயோ காபியோ குடித்தால் விளைவு தலைகீழ். அவை இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சர்க்கரை இல்லையா?

‘வெள்ளைச் சர்க்கரை சேர்க்கவில்லை’ என்பதும் ‘சர்க்கரையே இல்லை’ என்பதும் ஒன்றல்ல. பேரீச்சையில் பெரும்பகுதி சர்க்கரைதான். வெல்லமும் அப்படியே. ஒரு துண்டில் மொத்தம் 12 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு துண்டு சரியான அளவு. வீட்டில் நீரிழிவு உள்ள தாத்தா பாட்டி, ‘வெல்லம்தானே’ என்று இரண்டு மூன்று எடுத்தால் ரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அவர்களுக்குப் பாகு சேர்க்காத ஒரு கைப்பிடி வறுத்த கடலையே மேல். தின்ற பிறகு வாய் கொப்பளிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பேரீச்சை பல் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும்.

இதையும் கவனியுங்கள்

• சுருங்கிய, கறுத்த, பூஞ்சை படிந்த, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கின் பூஞ்சை நஞ்சுதான் காரணம் என்று தெரியவந்தது. அஃப்ளாடாக்சின் என்ற அந்த நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, கல்லீரலைக் கெடுக்கும்.

• ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலையோ உடைத்த கடலையோ வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். அவர்களுக்குக் கடலையை நைஸாகப் பொடித்துச் சேர்த்து, மெத்தென்று செய்து, உட்கார வைத்துக் கொடுங்கள்.

• கடலை தின்றதும் உதடு வீங்குவது, உடம்பில் தடிப்பு, மூச்சுத் திணறல் வந்தால் அது ஒவ்வாமை. கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கையில் ஒரு தொழிலும் உண்டு

பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டில் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது இதே தருமபுரி மாவட்டத்தில்தான். ஊருக்கு ஊர் குழு இருக்கும் இடத்தில், பத்துப் பெண்கள் சேர்ந்தால் இந்த பாரைப் பள்ளி வாசலிலும் சந்தையிலும் விற்கலாம். அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பாக்கெட்டில் பொருள் பட்டியலும் தயாரித்த தேதியும் போட வேண்டும். ‘கடலை, எள் சேர்ந்தது’ என்று ஒவ்வாமை எச்சரிக்கையும் கட்டாயம் இருக்க வேண்டும்.

விற்காவிட்டாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் 16 துண்டுகள் கிடைக்கும். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு நாலு நாள் மாலைப் பசி தீரும். கடலை உடைக்கவும், டம்ளரால் அழுத்தவும் பிள்ளைகளையே விடுங்கள். தன் கையால் அழுத்திச் செய்ததை எந்தப் பிள்ளையும் ‘வேண்டாம்’ என்று சொல்வதில்லை. திங்கட்கிழமை நாலரை மணிக்கு, ‘‘அம்மா, தின்ன என்ன இருக்கு?’’ என்று கேட்பதற்குப் பதிலாக, நேரே டப்பாவைத்தான் திறப்பார்கள்!