குன்னத்தூர்க்காரர்களுக்குப் பிடிக்க வேண்டிய அமெரிக்க மாநிலங்கள்

குன்னத்தூர்ப் பக்கத்துக் காலேஜ் பசங்களிடம் "அமெரிக்காவில் எந்த ஸ்டேட் பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் மூன்று பெயர் வரும். கலிபோர்னியா, நியூ ஜெர்சி, டெக்ஸாஸ். ஏனாம்? கலிபோர்னியாவில் கூகுள் இருக்கிறது. நியூ ஜெர்சியில் எடிசன் இருக்கிறது, எடிசனில் இட்லி கிடைக்கிறது. டெக்ஸாஸில் மாநில வருமான வரி கிடையாது, பெரியப்பா பையன் டாலஸில் வீடு வாங்கிவிட்டான். அவ்வளவுதானுங்க. கொஞ்சம் ரசனைக்காரர்கள் என்றால் கிராண்ட் கேன்யனுக்காக அரிசோனா, கடற்கரைக்காக ஹவாய். எல்லாம் வால்பேப்பரில் பார்த்தது.

பிடித்ததைச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, யாரும் தடுக்கவில்லை. ஆனால் இந்தப் பட்டியலைச் சொல்கிறவரின் அப்பா கட்டிங் மாஸ்டராக இருப்பார், அம்மா செக்கிங் போவார், அண்ணன் ஓவர்லாக் ஓட்டுவான். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் பெருமாநல்லூர் தாண்டி வந்து இறங்குகிற குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அமெரிக்கா என்றால் பொட்டி தட்டப் போகிற இடம் மட்டும்தான்! அமெரிக்காவிலும் பனியன் தைத்த ஊர்கள், நூல் நூற்ற ஊர்கள் இருந்தன, அவை எப்படி வாழ்ந்தன, எப்படிச் செத்தன என்பது ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் "அதெல்லாம் எதுக்குங்க?" என்பார்கள்.

எதற்கு என்று 2025 ஆகஸ்ட் மாதம் சொன்னது. அந்த மாதம் 27ஆம் தேதி இந்தியச் சரக்கு மீது அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. திருப்பூர் ஏற்றுமதி 2024-25ல் சுமார் 40,000 கோடி ரூபாய். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போனது அமெரிக்காவுக்கு. வரி அதற்குப் பிறகு எப்படி ஏறி இறங்கினாலும், ஒரே தொழிலை நம்பிய ஊரை எங்கோ ஒருவர் போடும் கையெழுத்து எப்படி ஆட்டும் என்பதைப் பெருமாநல்லூர் ரோட்டு டீக்கடை வரைக்கும் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. ஒரே தொழிலை நம்பிய ஊர்கள் பற்றிப் பாடம் படிக்க அமெரிக்காவை விட்டால் வேறு நல்ல பள்ளிக்கூடம் இல்லை. அதற்கு வேறு மாநிலங்களைப் பிடித்துப்போக வேண்டும்.

முதல் இடம் மாசசூசெட்ஸுக்கு. ஹார்வர்டுக்காகவோ எம்.ஐ.டி.க்காகவோ என்று நினைத்தால் தப்பு. லோவெல் என்ற ஊருக்காக.

மெர்ரிமாக் ஆற்றங்கரையில் 1820களில் எழும்பிய மில் ஊர் அது. வேலைக்கு எடுத்தது யாரை? சுற்றுவட்டாரக் கிராமத்து விவசாய வீட்டுப் பெண் பிள்ளைகளை. மில்லே நடத்திய விடுதிகளில் தங்க வேண்டும். மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும், இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். வேலை ஒரு நாளைக்கு 12, 13 மணி நேரம். "பாதுகாப்பான இடம், ஒழுக்கமான இடம், நாலு காசு சேர்த்துக்கொண்டு போய்க் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம்" என்று பெற்றோருக்குச் சொல்லப்பட்டது.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து ஸ்பின்னிங் மில்களில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று ஓடியதே, அதேதான். மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருந்து வேலை பார், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம். ஏறக்குறைய 180 வருஷம் கழித்து, அதே ஹாஸ்டல், அதே பூட்டு, அதே கல்யாணக் கதை. பெயருக்கு மட்டும் மஞ்சள் குங்குமம் பூசியிருந்தார்கள்.

வித்தியாசம் அடுத்து நடந்ததில் இருக்கிறது. 1834ல் கூலியைக் குறைத்தபோது லோவெல் பெண்கள் மில்லை விட்டு வெளியே வந்தார்கள். தோற்றார்கள். 1836ல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியபோது முன்பைவிடப் பெரிய கூட்டமாக மறுபடி வந்தார்கள். 1840களில் சாரா பேக்லி என்ற மில் தொழிலாளி தலைமையில் சங்கம் வைத்து, பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று சட்டசபைக்கு மனு மேல் மனுவாகப் போட்டார்கள். ஓட்டுரிமையே இல்லாத காலத்தில்! சட்டசபை கைவிரித்தது. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேரச் சட்டம் மாசசூசெட்ஸில் 1874ல் வந்தது. முப்பது வருஷம் ஆனது, ஆனால் வந்தது.

பக்கத்து ஊர் லாரன்ஸில் 1912ல் இன்னொன்று நடந்தது. சட்டம் வாரத்துக்கு 56 மணி நேரத்தை 54 ஆக்கியது, முதலாளிகள் சத்தமில்லாமல் அந்த இரண்டு மணி நேரக் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். இருபதாயிரம் பேருக்கு மேல் வேலையை நிறுத்தினார்கள். இத்தாலியர், போலந்துக்காரர், லிதுவேனியர், சிரியர். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது, கூட்டத்தில் ஒவ்வொரு பேச்சையும் பல மொழிகளில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு மாதத்தில் கூலி உயர்வு வாங்கினார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருப்பவரை "ஹிந்திக்காரன்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிற ஊருக்கு லாரன்ஸ் பிடிக்குமா என்பது சந்தேகம்தான். 1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த திருப்பூருக்கு ஒரு காலத்தில் பிடித்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு குரல் கேட்கும். "கூலி கூலி என்று கேட்டால் ஆர்டர் பங்களாதேஷுக்குப் போய்விடும், பரவாயில்லையா?" ஒவ்வொரு கூலிப் பேச்சுவார்த்தையிலும் வரும் வசனம் இது. அதற்குப் பதில் வட கரோலினாவில் இருக்கிறது. அதனால் அந்த மாநிலத்துக்கு இரண்டாவது இடம்.

மாசசூசெட்ஸ் மில்கள் 1920களிலிருந்து மூட ஆரம்பித்தபோது தொழில் ஓடி வந்த இடங்களில் ஒன்று வட கரோலினா. கூலி குறைவு, சங்கம் கிடையாது. 1929ல் காஸ்டோனியாவில் லோரே மில் வேலைநிறுத்தத்தின்போது எல்லா மே விக்கின்ஸ் என்ற தொழிலாளியைச் சுட்டே கொன்றார்கள். கன்னாபோலிஸ் என்ற ஊரில் கேனன் துண்டு கம்பெனிக்காரர்தான் வீட்டுக்காரர், கடைத்தெருவுக்கும் சொந்தக்காரர். அந்த ஊர் முறைப்படி நகரமானதே 1984ல்தான். அதுவரை கம்பெனிதான் ஊர். சரி, இவ்வளவு அடங்கி ஒடுங்கி இருந்தார்களே, மில் நிலைத்ததா? கேனனின் வாரிசாக வந்த பில்லோடெக்ஸ் 2003 ஜூலை 30 அன்று ஒரேயடியாக மூடப்பட்டது. அந்த மாநிலத்தில் மட்டும் 4,000 பேருக்கு மேல் வேலை போனது. மில்லை இடித்துவிட்டு அங்கே ஆராய்ச்சி வளாகம் கட்டினார்கள். துண்டு மடித்தவர்களுக்கு அதில் என்ன வேலை?

ஆக, கூலி கேட்ட ஊரிலிருந்தும் மில் போனது, கேட்காத ஊரிலிருந்தும் போனது. கேட்ட ஊரில் போகும்வரைக்குமாவது நேரமும் கூலியும் கொஞ்சம் மிஞ்சியது. "கேட்டால் போய்விடும்" என்கிறவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

"மில் போனால் என்ன, கம்ப்யூட்டர் காப்பாற்றும்" என்கிறவர்களும் லோவெலைப் பார்க்கலாம். வாங் லேபரட்டரீஸ் என்ற பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி அங்கேதான் தலைமையகம் வைத்திருந்தது. 1992ல் அதுவும் திவால். ஹூம்!

அலபாமாவின் ஃபோர்ட் பெய்ன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "உலகின் சாக்ஸ் தலைநகர்" என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஊர், நூற்றுக்கும் மேற்பட்ட சாக்ஸ் மில்கள். 2005 ஜனவரி 1 அன்று உலக ஜவுளி வர்த்தகத்தில் கோட்டா முறை ஒழிந்தது. திருப்பூர் அதைக் கொண்டாடியது, புது மிஷின் வாங்கியது. அதே வருஷங்களில் ஃபோர்ட் பெய்னில் பெரும்பாலான மில்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. "டாலர் சிட்டி" என்று மார் தட்டுகிறவர்கள் அந்தச் சாக்ஸ் தலைநகரை ஒரு தடவை கூகுளிலாவது தேடலாம்.

டெக்ஸாஸைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டாம். காரணத்தை மட்டும் மாற்றுங்கள். அமெரிக்காவில் பஞ்சு அதிகம் விளைவது அங்கேதான், லபக் என்ற ஊரைச் சுற்றி. இந்திய அரசு பஞ்சு இறக்குமதி மீதிருந்த 11 சதவீத வரியை 2025 ஆகஸ்டில் நிறுத்தி வைத்து, வருஷக் கடைசி வரை நீட்டித்தது. அமெரிக்கா பனியனுக்கு வரி ஏற்றிய அதே மாதத்தில் இங்கே அமெரிக்கப் பஞ்சுக்கும் கதவு திறந்தது. அந்த லபக் விவசாயி நிலத்தடி நீரை உறிஞ்சித்தான் பஞ்சு எடுக்கிறார், ஓகல்லாலா நீர்த்தேக்கம் வருஷத்துக்கு வருஷம் இறங்குகிறது. இங்கே அந்தப் பஞ்சுக்குச் சாயம் போட்ட தண்ணீர் நொய்யலில் போய், 2011 ஜனவரியில் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லும் அளவுக்கு ஆனது. ஒரு டி-சர்ட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் போகிறது. டாலஸில் வீடு வாங்கிய அண்ணனிடம் இதையும் விசாரிக்கலாம்.

நியூ ஜெர்சி ரசிகர்கள் கோபப்பட வேண்டாம், அவர்களுக்கும் ஒன்று உண்டு. எடிசனில் இட்லி சாப்பிட்டு முடித்ததும் காரில் சுமார் ஒரு மணி நேரம் வடக்கே போனால் பாட்டர்சன் வரும். பட்டு நெசவு ஊர். இரண்டு தறி ஓட்டியவரை அதே ஆளாக நான்கு தறி ஓட்டச் சொன்னார்கள். 1913 பிப்ரவரியில் தறிகளை நிறுத்தினார்கள், எட்டு மணி நேர வேலையும் கேட்டார்கள். ஜூலை வரை தாக்குப்பிடித்துத் தோற்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். ஊரில் பெரிய அருவி ஒன்றும் இருக்கிறது, வால்பேப்பருக்கு நன்றாக இருக்கும். போட்டோ எடுத்த பிறகு, குன்னத்தூர்ப் பக்கம் பவர்லூம் ஓட்டும் சித்தப்பாவுக்கு போன் போட்டு, அவர் இப்போது ஒரே ஆளாக எத்தனை தறி பார்க்கிறார் என்று கேளுங்கள்.