தோட்டத் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

ஆண்டுதோறும் 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இரத்தினபுரிப் பகுதியிலே மக்கள் தூய குடிநீருக்கு ஏங்குகின்றனர் என்றால் வெளியூரார் நம்பமாட்டார்கள். குருவிட்டவைத் தழுவி ஓடும் குரு கங்கை களு கங்கையோடு கலக்கிறது. அக்களு கங்கை 2003ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் பெருக்கெடுத்து ஊர்களை மூழ்கடித்ததை நாடறியும். ஆயினும், சப்பிரகமுவாவின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் லயன்களிலே வாழும் நம் மக்களுட் பலர், மலையூற்றிலிருந்து சுத்திகரிக்கப்படாமல் வரும் நீரையே இன்றும் பருகுகின்றனர். நகரம், கிராமம், தோட்டம் என்னும் மூன்று துறைகளுள் பாதுகாப்பான குடிநீரிற் கடைசியில் நிற்பது தோட்டத் துறையே என்பதற்கு அரசாங்கக் கணக்கெடுப்புகளே சான்று.

மலையூற்று தன்னளவில் நல்லதே. ஆனால் ஊற்றுக்கு மேலே உரமும் களைநாசினியும் இடப்பட்டால், சரிவிலே மலசலகூடக் குழிகள் இருந்தால், ஒரு மழை போதும். அத்தனையும் பீலிக்கு வந்து சேரும். கண்ணுக்குத் தெளிந்திருக்கும் அந்நீரே குழந்தைகளுக்கு வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும்.

ஆபிரிக்கக் கிராமங்களின் அனுபவம் நமக்கு ஒரு பாடம். இந்தியாவில் உருவாகி, கோயம்புத்தூர்ப் பகுதிக் கிராமங்களிலே சோதித்துச் செப்பனிடப்பட்ட கைப்பம்புகள், ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் ஆழ்துளைக் கிணறுகள் மீது பொருத்தப்பட்டன. பல இலட்சம் மக்கள் பயனடைந்தனர். ஆனால் 2009ஆம் ஆண்டளவில் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, அக்கண்டத்தின் கைப்பம்புகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இயங்காமற் கிடந்தது. பல இடங்களில் நிலத்தடியில் நீர் இருந்தது. பழுதுபார்க்க உதிரிப்பாகம் இல்லை, திருத்துவோர் இல்லை, பணம் சேர்க்க ஒரு சங்கம் இல்லை. கிணறு தோண்டியவர் படமெடுத்துக்கொண்டு போனார். கிணற்றுக்குப் பொறுப்பாளர் எவரும் இருக்கவில்லை.

குருவிட்ட மலைகளுக்கு ஆழ்துளைக் கிணற்றைவிட ஊற்றுப் பாதுகாப்பே பொருத்தமாகலாம். ஆனால் கேள்வி ஒன்றே: பொறுப்பு யாருடையது?

1948இல் குடியுரிமையையும் 1949இல் வாக்குரிமையையும் இழந்த மக்கள் இவர்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவிடத் தடையாக நின்றது. வாக்களிக்கும்போது பிரசைகள், தண்ணீர் கேட்கும்போது அந்நியர்! இது நீதியாகுமா? அத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. 2025 மே மாதத் தேர்தலின் பின் சபைகளும் மீண்டும் அமர்ந்துள்ளன. இனி, சட்டம் இடந்தரவில்லை என்று எந்தச் சபையும் சொல்ல முடியாது.

ஆதலின் நாம் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு தோட்டத்தின் குடிநீர் ஊற்றும் காலந்தோறும் பரிசோதிக்கப்பட்டு, முடிவு தமிழில் லயன்களில் ஒட்டப்பட வேண்டும். இரண்டு, ஊற்றுக்கு மேலுள்ள நிலத்தில் உரமும் நஞ்சும் இடுவதைத் தடுக்க வேண்டும். மூன்று, குழாய்களைப் பராமரிக்கும் சங்கத்தை, நீர் சுமக்கும் பெண்களே தலைமை தாங்கி நடத்த வேண்டும். நான்கு, ஊற்று நிலமும் குழாய் செல்லும் பாதையும் அச்சங்கத்திற்கு எழுத்து மூலம் உரிமையாக்கப்பட வேண்டும்.

இந்நான்காவதே உயிர்நாடி. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்ட நிலம் அரசுடைமையானது. 1992 முதல் அவற்றுட் பெரும்பகுதி கம்பெனிகளின் கைக்குச் சென்றது. நிலம் குத்தகைக்குப் போகலாம். மக்களின் தாகம் குத்தகைக்குப் போகலாகாது. முகாமையாளரின் தயவில் ஓடும் குழாய், ஒரு சம்பளத் தகராற்றின் மறுநாளே அடைக்கப்படலாம். பத்திரத்தில் எழுதப்பட்ட உரிமையை அவ்வளவு எளிதில் அடைக்க முடியாது.

கிணற்றின் அருமையை வடபகுதிக் கமக்காரருக்கு எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. பொறியியலாளரே, மருத்துவரே, சட்டத்தரணிகளே! விடுமுறையில் ஒரு நாளைச் சப்பிரகமுவாவுக்கு ஈயுங்கள். ஊற்றைச் சோதியுங்கள், மனுவை எழுதிக் கொடுங்கள். சபைகளின் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் தோட்டக் குடிநீருக்கு ஒரு தொகை ஒதுக்கச் செய்வதே நமது முதற்பணி. கேட்போம், எழுத்தில் கேட்போம், எழுத்தில் பதில் வரும்வரை கேட்போம்.