பாட்டியின் கதை எந்தக் கட்டுரை வகை?



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு ‘நான் ஒரு காலணி’. முப்பது ஏடுகளிலும் ஒரே கதை. தொழிற்சாலையில் பிறந்தேன், கடைக்கு வந்தேன், என் எசமானர் வாங்கினார், இன்று குப்பைத்தொட்டியில் கிடக்கிறேன். இந்தத் தலைப்பைக் கொடுத்தபோது ஒரு மாணவி எழுந்து, “ஐயா, எங்க பாட்டி பால்மரம் வெட்டுன கதைய எழுதலாமா?” என்று கேட்டாள். “இது தன்கதைக் கட்டுரை. தலைப்பை விட்டு விலகக்கூடாது” என்று அவளை உட்கார வைத்துவிட்டேன். அந்த விடை இன்றளவும் என்னை உறுத்துகிறது.

இதே கேள்விக்கு ‘எழுதலாம்’ என்று ஒரு நாடே விடை கூறியிருக்கிறது. அது அயர்லாந்து. 1845 முதல் 1852 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் அங்கு ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதே அளவுக்கு மக்கள் கப்பலேறிப் பிற நாடுகளுக்குச் சென்றனர். ஐரிய மொழி பேசுவோர் தொகையும் பெரிதும் குறைந்தது. முதியோருடன் மொழியும் வரலாறும் மறையும் முன்பே திரட்ட வேண்டுமென்று 1935-இல் ஐரிய நாட்டாரியல் ஆணையம் அமைக்கப்பட்டது. அதனை வழிநடத்தியவர் சேமஸ் டெலார்கி என்னும் அறிஞர்.

1937-இல் அவர்கள் தொடக்கப்பள்ளிகளை நாடினர். ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு அளிக்கப்பட்டது. மேல்வகுப்பு மாணவர்கள் கட்டுரைப் பாடத்தின் இடத்தில், வீட்டிலும் அண்டை அயலிலும் உள்ள முதியோரிடம் கேட்டதை எழுதி வந்தனர். பஞ்ச நினைவு, கைமருத்துவம், ஊர்ப்பெயர், விளையாட்டு, பழமொழி என 55 தலைப்புகள். சொன்னவர் யார், எந்த ஊர் என்பதையும் குறித்தனர். 1939-க்குள் ஏறத்தாழ 5,000 பள்ளிகளைச் சேர்ந்த 50,000 மாணவர்கள் எழுதித் தந்தவை சுமார் 740,000 பக்கங்கள்! இன்று அவை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் காக்கப்படுகின்றன, இணையத்திலும் கிடைக்கின்றன. அயர்லாந்தின் வரலாற்றையும் பண்பாட்டையும் ஆய்வோர் அந்தச் சிறுவர்களின் ஏடுகளைச் சான்றாகக் கொள்கின்றனர்.

நம் நிலை என்ன? தமிழாய்வில் மலேசியா பின்தங்கிய நாடன்று. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் இந்திய ஆய்வியல் துறை தோன்றியது. தனிநாயகம் அடிகளார் 1961 முதல் அங்குப் பணியாற்றினார். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. முனைவர் இரா.தண்டாயுதம், முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் தோட்டப்புறப் பாடல்களைத் திரட்டியதையும் நன்றியோடு நினைக்க வேண்டும். ஆயினும் இவை தனிமனிதர் முயற்சிகள். ஒவ்வொரு வீட்டுத் திண்ணையையும் எட்டுவது சிலரால் ஆகக்கூடியதா?

பண்டமாரானில் நம்மைச் சுற்றியுள்ள மண்ணையே பாருங்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு கேட்டனர். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னனர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவு ஒழிய வேண்டும் என்றனர். படை வந்தது, உயிர்கள் பலியாயின, தலைவர் ஆர்.எச்.நாதன் நாடுகடத்தப்பட்டார். ஆங்கிலேய அதிகாரிகளின் அறிக்கைகள் இருக்கின்றன. அந்த இரவில் லயத்து வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எந்த அறிக்கை சொல்லும்?

என் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்தான். அவருடைய அண்ணனைச் சப்பானியர்கள் சயாம் இரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. பாட்டி அதைப் பலமுறை சொன்னார். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கட்டுரை வகைகளை மனனம் செய்துகொண்டிருந்த நான் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அண்ணன் பெயரென்ன, எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்று கேட்க இன்று எவருமில்லை.

‘வேலைப்பளுவில் இது வேறா?’ என்று ஆசிரியர்கள் கேட்கலாம். புதிய சுமை வேண்டாம். தவணைக்கு ஒரு கட்டுரையை மட்டும் இதற்கு மாற்றுவோம். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டபின் அதற்கு இடமிருக்கிறது. ‘முதியோர் நினைவு பிழைபடுமே’ என்பது உண்மைதான். அதனால்தான் சொன்னவர் பெயர், வயது, தோட்டம், நாள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஒப்பிட்டு உண்மை காண்பது ஆய்வாளர் பணி.

ஆசிரியர்களுக்கு மற்றொரு வேண்டுகோள். பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை என்று பாட்டி சொன்னால் மாணவன் அப்படியே எழுதட்டும். செந்தமிழில் பற்றுள்ள நானே சொல்கிறேன்: அங்கே சிவப்பு மை வேண்டாம்.

பெற்றோர்களே, உங்கள் கடமை இதைவிட எளிது. இன்றிரவு அரைமணி நேரம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பிள்ளையைத் தாத்தா பாட்டியின் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

தோட்டங்கள் பல அழிந்துவிட்டன. அவற்றின் பெயர்கள் நம் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றின் பலகையில் மட்டும் எஞ்சியுள்ளன. பெயருக்குப் பின்னாலுள்ள கதையைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

நாளை அந்த மாணவியை அழைத்து, “எழுதம்மா” என்று சொல்லப் போகிறேன்.