கரைமேல் சைக்கிள், கரைக்குக் கீழே சேரி

வீராணம் ஏரியைத் தமிழ்நாடு இன்றுவரைக்கும் ஒரு குதிரைக்காரனின் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1950இல் கல்கி இதழில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ அந்தக் கரையில்தான் ஆரம்பிக்கிறது. ஆடிப்பெருக்கு நாள். வந்தியத்தேவன் குதிரைமேல் வருகிறான். தண்ணீரைப் பார்த்து வியக்கிறான், ஏரி வெட்டிய ராஜவம்சத்தை நினைத்துப் பூரிக்கிறான், போய்க்கொண்டே இருக்கிறான். கரையை விட்டுக் கிழக்கே இறங்கி யார் வீட்டையும் அவன் பார்ப்பதில்லை. குதிரைமேல் உட்கார்ந்திருப்பவனுக்கு அது தேவையும் இல்லை.

2022இல் படம் வந்த பிறகு குதிரை போய் சைக்கிள் வந்திருக்கிறது. கியர் சைக்கிள். சனி ஞாயிறுகளில் விடியறதுக்கு முன்னாடியே சென்னையிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்து சேத்தியாத்தோப்பில் இறக்குகிறார்கள். தலைக்கவசம், கையுறை, முதுகில் தண்ணீர்ப் பை. தெற்கே லால்பேட்டை வரைக்கும் 14 கிலோமீட்டர் கரை. வலது பக்கம் கண்ணுக்கு எட்டுகிற மட்டும் தண்ணீர், இடது பக்கம் கண்ணுக்கு எட்டுகிற மட்டும் நெல். லால்பேட்டையில் டீ, காட்டுமன்னார்கோயிலில் இட்லி, அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம். ஏரி, ஆறு, கோயில். இதைக் கேலி பண்ண நான் வரவில்லை. சைக்கிள் மிதிக்கிறவன் எவனாக இருந்தாலும் எனக்குப் பிடிக்கும். ஆடி மாசத்து மேல்காற்றில் அந்தக் கரையில் 14 கிலோமீட்டர் மிதித்துக் காட்டுகிறவனுக்கு ஒரு சலாம் போடலாம். காற்று பக்கவாட்டில் அடித்து ஆளை வாய்க்காலில் தள்ளிவிடும். என் கேள்வி அவர்கள் கையில் இருக்கிற வரைபடத்தைப் பற்றியது.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி ரெண்டு வார்த்தை. இந்தப் பக்கத்து வங்கிக் கிளை ஒன்றில் கிளார்க்காக இருக்கிறேன். கவிதையும் எழுதுவேன் என்பது கிளையில் யாருக்கும் தெரியாது, தெரிந்தால் வாராக்கடன் பட்டியலைப் பார்த்துக் கவிதை எழுதச் சொல்வார்கள். வீட்டிலிருந்து கிளைக்கு ஏரிக்கரை வழியாக அட்லஸ் சைக்கிளில் போய்வருகிறேன். அந்தக் கம்பெனி சாகிபாபாத்தில் இருந்த தன் கடைசி ஆலையை 2020 ஜூன் 3 அன்று மூடியது. அன்றைக்கு உலக சைக்கிள் தினம். உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறது, ஓடுகிறது.

கரையிலிருந்து கிழக்கே இறங்கினால் முதலில் வாய்க்கால், அப்புறம் வயல், அப்புறம் ஊர். ஊரைத் தாண்டி மறுபடி வயல், அதன் ஓரத்தில் காலனி. காரில் போகிறவருக்கு எல்லாமே சமதரை. மோட்டார் பைக்கில் போகிறவருக்கும் அப்படித்தான். சைக்கிள் மிதிக்கிறவனின் கெண்டைக்கால் மட்டும் பொய் சொல்லாது. ஊருக்குள் நுழையும்போது மிதி லேசாகக் கனக்கும். ஊர் நத்தம் மேட்டில் இருக்கிறது, கோயில் அதைவிட மேட்டில் இருக்கிறது. ஊர் முடிந்து, மிதிக்காமலே வண்டி தானா ஓட ஆரம்பித்தால் காலனி வரப்போகுதுன்னு அர்த்தம். நான் சுற்றிய ஊர்களில் இந்தக் கணக்கு தப்பியது அபூர்வம். சர்வே நம்பர் வேண்டாம், தாசில்தார் வேண்டாம். சாதியின் நில அளவையை ரெண்டு கால் போதும் எடுக்க.

இந்தப் பள்ளம் இயற்கை இல்லை. இதற்கு வயசு ஆயிரத்துக்கு மேல். வீராணத்தை வெட்டியதாகச் சொல்லப்படும் முதலாம் பராந்தகன் (907–955) காலத்தில்தான் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் வெட்டப்பட்டன. குடவோலை, கிராம ஜனநாயகம் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதேதான். அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒன்று வருகிறது. ஆறு பேர். ஏரியைப் பராமரிக்கும் குழு. அதற்குப் பேர் எழுதிப் போட என்ன தகுதி? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. தண்ணீரின் நிர்வாகம் யார் கையில் இருந்தது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அடுத்த நூற்றாண்டில் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் வரி நீங்கிய நிலங்களைக் கணக்கு எடுக்கும்போது ஊர் நத்தம், குளம், சுடுகாடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்கின்றன. சோழர் புகழ் பாடிக்கொண்டே கரைமேல் மிதிக்கிறவர்கள் இதையும் வாசித்துவிட்டு மிதிக்கலாம்.

ஏரி வாரியத்தில் இடம் இல்லாதவன் ஏரியில் என்ன செய்தான்? மண் சுமந்தான். மழைக்காலத்து ராத்திரியில் கரை உடையாமல் காவல் இருந்தான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மதகைத் திறந்து மூடி வயல்வயலாகத் தண்ணீர் கட்டுகிற வேலை பெரும்பாலும் நம் ஆட்களுடையது. நீர்க்கட்டி என்பார்கள், கம்புகட்டி என்பார்கள், தெற்கே மடைக்குடும்பன் என்பார்கள். எந்த வயலுக்கு எத்தனை நாழி தண்ணீர் என்பது அவனுக்குத்தான் மனப்பாடம். ‘சொந்த வயல் இல்லாதவன்தான் தண்ணீரை நியாயமாகப் பங்குவைப்பான்’ என்று இதற்கு ஆராய்ச்சியாளர்கள் விளக்கம் சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சொந்த வயல் ஏன் இல்லை என்று அடுத்த கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. வாரத்துக்குப் பயிர் வைக்கிற ஆள் பயிர்க்கடன் கேட்டு என் கவுன்ட்டருக்கு வருகிறார். சிட்டா, அடங்கல் இல்லை. மூன்று தலைமுறையாக அந்த மதகைத் திறக்கிற கை. காகிதத்தில் அந்தக் கைக்குப் பேர் இல்லை. பெண்டாட்டி தோட்டைக் கழற்றிக் கொடுத்து நகைக்கடன் வாங்கிக்கொண்டு போகிறார்.

சைக்கிளுக்கு வருகிறேன். என் அப்பா காலத்தில் எங்கள் பக்கத்தில் சைக்கிள் வாங்குவது கஷ்டமான காரியம், வாங்கிய சைக்கிளில் உட்காருவது அதைவிடக் கஷ்டம். ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ள வேண்டும். தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டு போய், கடைசி வீட்டைத் தாண்டி ஏற வேண்டும். அப்பா ஒரு பழைய ராலே வைத்திருந்தார். “பாதி தூரம் அது என்ன சுமந்துது, பாதி தூரம் நான் அத சுமந்தேன்” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அதனால் அவருக்கு ஏரிக்கரை பிடிக்கும். சுற்று வழி என்றாலும் கரைமேல் போனால் யார் வாசலும் இல்லை, இறங்க வேண்டாம். நகரத்து நண்பர்கள் காற்றுக்காகக் கரைமேல் மிதிக்கிறார்கள். அவர் மிதித்தது வேறு காரணத்துக்காக.

‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்று சொல்ல உடனே நாலு பேர் கிளம்புவார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டிவந்த தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். வண்டி மாறியிருக்கிறது, சிசி கூடியிருக்கிறது.

ஆற்றங்கரைக்குப் போவோம். வீராணத்துக்குத் தண்ணீர் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது. வடவாற்றுக் கரையில் சைக்கிள் மிதிப்பது சுகம். நிழல் உண்டு, எதிரே வண்டி இல்லை. கொள்ளிடக் கரையில் அந்தச் சுகம் கிடையாது. கொள்ளிடம் என்றால் வெள்ளம் கொள்ளும் இடம் என்பார்கள். டெல்டாவைக் காப்பாற்ற மிச்சத் தண்ணீரையெல்லாம் அதில் திருப்பிவிடுவதுதான் ஏற்பாடு. 2018 ஆகஸ்டில் அப்படித்தான் திருப்பினார்கள். 22ஆம் தேதி ராத்திரி முக்கொம்பில், 1836இல் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தது எல்லாப் பேப்பரிலும் வந்தது. கீழே, சிதம்பரத்துக்குத் தெற்கே, பழைய கொள்ளிடத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் தீவு மாதிரிக் கிடக்கிற பெராம்பட்டு, கீழகுண்டலபாடிப் பக்கத்து வீடுகளில் தண்ணீர் புகுந்தது உள்ளே ஒரு பத்தியோடு போயிற்று. வெள்ளம் வடிந்த பிறகு அந்தக் கரையில் மிதித்துப் பாருங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை எந்தத் தெருவில் முழங்கால் உயரம், எந்தத் தெருவில் ஆள் உயரம் என்று சீட்டில் உட்கார்ந்தபடியே தெரியும்.

தாமிரபரணி மட்டும் என்ன? 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களைத் திருநெல்வேலியில் போலீஸ் தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அதில் கைக்குழந்தையும் உண்டு. ஆற்றங்கரை அழகு பற்றி யாராவது என்னிடம் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் அந்த ஆறுதான் ஞாபகம் வரும்.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், சைக்கிள் பயணத்தோடு சேர்ந்து இன்னொன்றும் வருகிறது. ‘ஏரியைக் காப்போம்.’ நல்ல கோஷம். யார் மறுப்பார்கள்? ஆனால் கரைமேல் இருந்து பார்க்கிற கண்ணுக்கு ஏரியின் எதிரியாகத் தெரிவது யார்? ஓரத்தில் இருக்கிற கீற்றுக் குடிசை. படம் எடுத்துப் போடுகிறார்கள், ‘ஆக்கிரமிப்பு’. 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தாயிற்று. புல்டோசர் முதலில் எங்கே நிற்கும் என்று நமக்குத் தெரியாதா? சென்னையின் தியாகராய நகர் 1920களில் ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய நகர். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறந்தார்கள். அவையெல்லாம் வளர்ச்சி. நம்ம பாட்டன் ஊருக்குள் மனை கிடைக்காமல் ஏரி ஓரத்தில் போட்ட குடிசை ஆக்கிரமிப்பு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையிலிருந்து தூக்கியவர்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தண்ணீர் பூமிதான். இந்த நியாயத்தை என்னவென்று சொல்ல?

வீராணத்துத் தண்ணீர் 2004லிருந்து குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது, சுமார் 235 கிலோமீட்டர். அதற்கு முன்னால் 1970களில் பாதியில் நின்றுபோன முதல் திட்டத்தின் ராட்சசக் குழாய்கள் வருஷக்கணக்கில் ரோட்டோரம் கிடந்தன. அவற்றுக்குள் குடும்பங்கள் குடியிருந்ததுண்டு. வேனில் சைக்கிளோடு வருகிறவர்கள் குடிக்கிற தண்ணீரும் இங்கிருந்துதான் போகிறது.

போன தை மாசம் ஒரு குழுவுக்கு வழிகாட்டியாக எங்கள் பக்கத்துப் பட்டதாரித் தம்பி ஒருவன் போனான். ஞாயிற்றுக்கிழமை, நானும் கூடவே மிதித்தேன். ஓர் இடத்தில், “சார், இப்படிக் கீழ இறங்கிக் காலனி வழியாப் போனா கிட்டக்க” என்றான். குழுத் தலைவர் மரியாதையான மனுஷன்தான். செல்போனில் வரைபடத்தைப் பார்த்தார். “அங்க பார்க்க என்னப்பா இருக்கு?” என்றார். தம்பி பதில் சொல்லவில்லை. கரையோடு போனோம்.

பார்க்க என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன். ஒவ்வொரு திண்ணையிலும் ஓர் அரசாங்க சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. 2001-02இல் மேல்நிலை வகுப்பு படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு என்றுதான் அது ஆரம்பமானது, 2005-06இலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆயிற்று. காலையில் எட்டு மணிக்கு இந்தக் காலனியிலிருந்து பதினைந்து இருபது பெண்பிள்ளைகள் ரெட்டைச் சடை, சீருடையோடு கிளம்பி, ஊர்த்தெரு நடுவே, ரோட்டை அடைத்துக்கொண்டு, தேவையே இல்லாமல் மணியடித்தபடி போகிறார்கள். என் அப்பா ராலேயைத் தள்ளிக்கொண்டு போன அதே மாதிரித் தெரு. இறங்குன்னு சொல்ல எவனுக்காவது வாய் வருதா பார்க்கலாம். இந்த நாட்டில் சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டிய காட்சி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு யோசனை. பயணத்தை அவர்களிடம் விட்டுவிட வேண்டாம், நாம் போவோம். கீழணையில் கிளம்பி, வடவாற்றுக் கரையோடு காட்டுமன்னார்கோயில், பிறகு ஏரிக்கரை. ஒவ்வொரு மதகிலும் கீழே இறங்க வேண்டும். மதகைத் திறப்பவர் பேர் என்ன, கூலி என்ன, காலனியிலிருந்து கரைக்கும் சுடுகாட்டுக்கும் பாதை உண்டா, அது யார் பட்டாவுக்குள் போகிறது, மீன் ஏலத்தை யார் எடுத்திருக்கிறார், காலனியில் யாருக்காவது ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்திருக்கிறதா, வந்திருந்தால் தேதி என்ன. எழுதிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு ஓடுவதைவிட முன்னாலேயே கையில் கணக்கு இருப்பது நல்லது. கோர்ட்டில் காகிதம்தான் பேசும், வங்கியில் உட்கார்ந்து நான் தினமும் பார்க்கிறேன்.

ரெண்டாம் நாள் கொள்ளிடக் கரைப் பக்கம், நந்தனின் ஊராகச் சொல்லப்படும் ஆதனூர் வழியாகச் சிதம்பரம். தில்லைக்குப் போனவன் உள்ளே நுழைய முடியாமல் மதிலையே சுற்றிச் சுற்றி வந்தான் என்கிறது பெரிய புராணம். என் கணக்கில் நம் ஆட்களின் முதல் சுற்றுப்பயணம் அதுதான். அவன் பேரில் 1916இல் சுவாமி சகஜானந்தா அதே சிதம்பரத்தில் நம் பிள்ளைகளுக்குக் கல்விக் கழகம் தொடங்கினார். அந்த வாசலில் வண்டிகளை நிறுத்தலாம்.

கியர் சைக்கிள் வேண்டாம், அரசாங்க சைக்கிளே போதும், செயினுக்கு மட்டும் எண்ணெய் போட்டுக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் கருவேல முள் அதிகம். பம்ப்பும் பஞ்சர் ஒட்டுகிற பசையும் அவசியம். ஊர்த்தெருக்களில் இறங்காமல் போக வேண்டும். கும்பலாகப் போங்கள்.