குழந்தையும் மருந்தும்



சென்ற மாதம் தணிக்கைக்குச் சென்ற ஊரில், நெசவாளர் ஒருவர் இல்லத்தின் சுவர் மாடத்தில் பாதி நிறைந்த மருந்துப் புட்டி ஒன்றைக் கண்டேன். "பையனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதுங்க, மருந்தைக் கண்டாலே அழுகிறான், நிறுத்திவிட்டோம்" என்றார் தாயார்.

சங்கக் கடனில் ஐந்து தவணை கட்டிவிட்டு, எஞ்சிய ஐந்தை மறந்துவிட எவரேனும் துணிவரோ? கிருமிகளை ஒழிக்கும் மருந்தை மருத்துவர் குறித்த நாளுக்கு முன் நிறுத்தினால், நோய் திரும்பக்கூடும். வயிற்றுப்போக்குக்குத் தரும் துத்தநாக மாத்திரையும் அவ்வாறே; போக்கு நின்ற பின்னும் 14 நாட்கள் கொடுப்பதே நம் நாட்டு முறை.

ஆயினும், வற்புறுத்திப் புகட்டுவது வழியன்று. யானும் அக்குற்றம் செய்தவனே. இரண்டு வயது மகள் வாய் திறவாதபோது, மூக்கைப் பிடித்து மருந்தை ஊற்றினேன். புரையேறி அவள் முகம் சிவந்த கணத்தை இன்றும் மறந்திலேன். மூன்று நாட்கள் என் மடியில் அமரவே மறுத்தாள். அறுந்த இழையை நாம் இழுப்பதில்லை, பொறுமையாகப் பிணைக்கிறோம். குழந்தையிடமும் அப்பொறுமையே வேண்டும்.

குழந்தையைப் படுக்க வைக்காது, மடியில் நிமிர்த்தி அமர்த்துக. புட்டியை நன்கு குலுக்கி, அதனுடன் வரும் அளவு மூடியாலோ ஊசியில்லாத பீச்சுக்குழலாலோ அளந்திடுக. சமையற்கட்டுக் கரண்டிகள் யாவும் 5 மி.லி. கொள்வன அல்ல. கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விடுக. "கசக்கும், உடனே தண்ணீர் தருகிறேன்" என்று உண்மையையே கூறுக. மிட்டாய் என்று ஏமாற்றினால், பிறிதொரு நாள் அதுவே புட்டியைத் திறந்து பருகிவிடும். ஒரு தம்ளர் பாலில் கலந்தால், மீந்த பாலோடு மருந்தும் மீந்துவிடும். மேலும், இரும்புச் சத்து மருந்துக்குப் பால் ஆகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனில் குழைத்தல் கூடவே கூடாது. வாந்தியெடுத்தால், மருத்துவரைக் கேளாது மறுமுறை கொடுக்கலாகாது. எவ்வாறும் உட்கொள்ள மறுப்பின் அவரிடமே சொல்லுக. வேறு சுவையிலோ வேறு வடிவிலோ தர இயலுமா என்று அவர் பார்ப்பார்.

இதனைத் தாய்மார் வேலை என்று தந்தையர் தறியிலும் வயலிலும் நின்றுவிடலாகாது. கொடுத்த வேளையை ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒரு வேளை தவறவும் இராது, இருவர் இருமுறை கொடுக்கவும் இராது. சங்கத்துக்குக் கணக்கேடு எத்துணை இன்றியமையாததோ, நோயுற்ற பிள்ளையுள்ள வீட்டுக்கு அத்தாளும் அத்துணை இன்றியமையாதது. கூட்டுறவு என்பது முதலில் வீட்டில் பழக வேண்டிய ஒன்றன்றோ?